மில்ன் குடா, 1942: கிட்டிஹாக்கும் சேறும்

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியர்கள் ஓட்டிய அமெரிக்கப் போர் விமானம் கிட்டிஹாக். ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தோடு ஒப்பிட்டே அதைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். குறை உண்மைதான். பி-40இ ரகக் கிட்டிஹாக்கின் அலிசன் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒற்றைக் கட்டம்தான். 15,000 அடிக்கு மேலே போனால் மூச்சு வாங்கும். ஜீரோவோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் சாவு. உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, அதே வேகத்தில் விலகி ஓடுவதுதான் பிழைக்கும் வழி.

ஆனால் 1942 ஆகஸ்டில் பப்புவாவின் (நியூ கினி தீவின் தென்கிழக்குப் பகுதி) கிழக்கு முனையிலுள்ள மில்ன் குடாவில் அந்த உயரமே தேவைப்படவில்லை. மேகம் மலைச்சரிவை உரசிக்கொண்டு கிடந்தது, எதிரி தரையில் இருந்தான். ஆஸ்திரேலிய விமானப்படையின் 75, 76 ஆம் ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்) அங்கே பறக்கும் பீரங்கிகளாகவே வேலை செய்தன.

முதல் பெரிய அடி, சண்டை தொடங்கும் முன்பே விழுந்தது. ஆகஸ்ட் 25 அன்று மில்ன் குடாவுக்கு வடக்கே உள்ள குட்இனஃப் தீவின் கரையில் நின்ற 7 ஜப்பானியப் படகுகளை 9 கிட்டிஹாக்குகள் எரித்தன. அவற்றில் வந்த சுமார் 350 பேர் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். அன்றிரவு மில்ன் குடாவில் ஜப்பானியரின் முக்கியப் படை இறங்கியது. மறுநாள் காலையில் கரையில் கிடந்த அவர்களுடைய படகுகளும் சரக்கும் கிட்டிஹாக்குகளின் தாக்குதலில் போயின. என் கணக்கில் போரின் முடிச்சு இங்கேதான். படகு இருந்திருந்தால் ஆஸ்திரேலியக் காலாட்படையைக் கடல்வழியே சுற்றி வளைத்திருக்கலாம். இல்லாததால் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரே சேற்றுப் பாதையில் முட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அவர்கள் கொண்டுவந்த 2 டாங்கிகளும் அந்தச் சேற்றிலேயே புதைந்தன.

சேறு ஆஸ்திரேலியர்களையும் விடவில்லை. அவர்களுடைய விமானங்கள் இயங்கிய கர்னி ஓடுதளம், மார்ஸ்டன் தகடுகள் எனப்படும் துளையிட்ட எஃகுத் தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ எடை, 87 துளைகள். கீழே கெட்டித் தரை இருந்தால் அருமையான ஏற்பாடு. மழையில் ஊறிய மண்ணில், சக்கரம் அழுத்த அழுத்தத் துளை வழியே சேறு பீறிட்டுவரும். விமானம் வழுக்கி ஓரத்துக்குப் போகும். தெறிக்கும் சேறு, தரையிறங்கும்போது வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே விரித்திருக்கும் ஃபிளாப்புகளை நசுக்கும். மூக்குக்கு அடியிலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இருப்பது இன்னொரு தொல்லை. அதில் ஒரு ரவை பட்டுக் குளிர்விப்பு நீர்மம் ஒழுகினால், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். மரவுச்சி உயரத்தில் பறப்பவருக்குக் குதிக்கவும் இடம் கிடையாது.

ஆயுதம், இறக்கைக்கு மூன்றாக ஆறு அரை அங்குல பிரவுனிங் துப்பாக்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் ஏறத்தாழ 20 விநாடியில் ரவை தீர்ந்துவிடும். ஆகவே சின்னச் சின்னத் தொடர்களாகத்தான் சுடவேண்டும். நீண்ட தொடர் குழலைச் சூடேற்றித் தேய்த்துவிடும், குறி சிதறும். தரைப் பணியாளர்கள் மழையில் நின்று குழல் மாற்றினார்கள், ரவை வார்களைக் கோத்தார்கள். ஈர ரவையும் முறுக்கிய வாரும் துப்பாக்கியை அடைத்துக்கொள்ளும் என்பதால், அவசரத்திலும் துடைப்பதை விடமுடியாது.

தென்னந்தோப்புக்குள் இருப்பவனை மேலிருந்து பார்க்கவே முடியாது. விமானிகள் பாதையையும் மரவுச்சியையும் குறிவைத்து உழுதார்கள். ஆகஸ்ட் 27 அன்று அப்படித் தாழ்ந்து தாக்கும்போதுதான் 76 ஆம் ஸ்குவாட்ரன் தலைவர் பீட்டர் டர்ன்புல் விமானம் விழுந்து இறந்தார். தலைமை கீத் டிரஸ்காட்டிடம் போனது.

28 ஆம் தேதி, ஓடுதளமே பறிபோகலாம் என்ற அச்சத்தில் விமானங்களை இரவுக்கு போர்ட் மோர்ஸ்பிக்கு அனுப்பினார்கள். மறுநாளே திரும்பி வந்துவிட்டன. செப்டம்பர் முதல் வாரத்தில் ஜப்பானியர்கள் எஞ்சியவர்களைக் கப்பலேற்றிக்கொண்டு வெளியேறினார்கள்.