இரண்டரைக் கட்டை

ஆகஸ்ட் 20, 2025, புதன்

திரையில் இதுவரை பிறர் குரலுக்கு வாயசைத்து வந்த நடிகர், தம் முதல் இசைத்தொகுப்பின் ஆறு பாடல்களில் ஐந்தைச் சென்னையிலேயே முடித்துவிட்டார். ஆறாவதற்கு நாயனமும் தவிலும் மதுரைக் கலைஞர்களுடையவையாக இருக்க வேண்டும் என்பதால், மேலமாசி வீதிக்குப் பின்புறமுள்ள எங்கள் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்திற்கு இன்று வந்தார்.

வந்ததுமே சிக்கல். அவர் கொண்டுவந்த இசைத்தடம் ஒரு கட்டையில் இருந்தது; கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. நாயனம் வாசிக்கும் பெரியவரின் பாரி எனும் நீண்ட நாயனமோ இரண்டரைக் கட்டை. பெரியவர் நாயனத்தில் தொங்கிய, வாயில் வைத்து ஊதும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்து ஊதிப் பார்த்தார், மனம் ஒப்பாமல் கழற்றினார், மூன்றாவதைத்தான் பொருத்தினார். சீவாளி மாறினால் சுருதி இழையளவு அசையுமே தவிர, ஒன்றரைக் கட்டை இறங்காது. "கொழலு எறங்காது தம்பி, நீங்கதான் ஏறி வரணும்" என்றார். தடத்தை மூன்று அரைச்சுரம் உயர்த்தினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தவில் பதிவு. விரல்களில் கூடு மாட்டித் தவில்காரர் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடித்த முதல் அடியிலேயே அளவுமானி சிவந்துவிட்டது. மைக்கை நான்கடி தள்ளி வைத்த பிறகே வேலை நடந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடிகர் பாடினார். மேல் 'ஸ'வான ஷட்ஜத்தைத் தொடும் இடத்தில் குரல் பிசிறியது. ஐந்து முறையும் வெட்கப்பட்டு நிறுத்தியவர், ஆறாம் முறை நிறுத்தாமல் அந்தப் பிசிறோடே பாடி முடித்தார். சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்து, சொந்தக் குரலில் பாடி நடித்த டி. ஆர். மகாலிங்கத்தின் நினைவு வந்தது. அவர் அறிமுகமான 'நந்தகுமார்' (1938) படத்தில்தான் தமிழுக்குப் பின்னணிப் பாடலும் அறிமுகமானது என்பது ஒரு வேடிக்கை. அவரைப் போன்ற குரல் இவருக்கு இல்லை. ஆனால் பாடுவது இவர்தான் என்பது கேட்டதும் தெரிகிறது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

சென்னையிலிருந்து பாடலின் ஒலிக்கலவை வந்தது. சுருதி திருத்தும் மென்பொருளை முழு அளவில் ஓட்டியிருக்கிறார்கள். அது குரலை அருகிலுள்ள சுரத்தில் பிடித்து நிறுத்திவிடுவதால், நாயனம் வழுக்கிச் செல்லும் இடத்திலெல்லாம் குரல் படிப்படியாக ஏறுகிறது, பிசிறும் காணவில்லை. இரவு நடிகரே அழைத்து, "அண்ணே, இது யார் பாடுனது?" என்று கேட்டார்.

அவர் ஆறாம் முறை பாடிய பதிவை அப்படியே அனுப்பினேன்.