அடுத்த வண்டி ஆறு மாதத்தில்

2017 செப்டம்பரில் ஜாவா என்ற நிரல்மொழியின் 9-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, முந்தைய பதிப்பு வந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஜிக்சா என்ற மாட்யூல் திட்டம், அதாவது ஜாவாவைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வேலை. முதலில் ஜாவா 7-இல் வருமென்று சொல்லப்பட்டு, பிறகு 8-க்குத் தள்ளப்பட்டு, கடைசியில் 9-இல் வந்து சேர்ந்த அந்த ஒன்று முடியும்வரை, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஜேஷெல் (எழுதிய வரியை உடனே இயக்கிக் காட்டும் கருவி) போன்ற வசதிகளும் சேர்ந்தே காத்திருந்தன.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று முடிவாகி, 2018 மார்ச்சில் ஜாவா 10 வந்தது. அன்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நிரல்மொழியில் ஒருமுறை சேர்த்ததைப் பிறகு எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படியிருக்க, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு மொழியை வடிவமைத்தால் அரைவேக்காடுதானே மிஞ்சும் என்று நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஸ்விட்ச், அதாவது ஒரு மதிப்பைப் பொறுத்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை. ஜாவா 12-இல், ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் ஸ்விட்ச் முன்னோட்ட வசதியாக, அதாவது இன்னும் மாறக்கூடிய ஒன்றாக, வந்தது. தனியாகக் கொடி (கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு) கொடுத்து இயக்கினால் மட்டுமே அது வேலை செய்யும். அதில் பல வரிகள் கொண்ட ஒரு பிளாக்கிலிருந்து மதிப்பைத் தருவதற்கு பிரேக் என்று எழுதிப் பக்கத்தில் அந்த மதிப்பை எழுத வேண்டும். இத்தனை காலம் 'வெளியேறு' என்று மட்டும் பொருள்பட்ட சொல்லுக்கு இன்னொரு வேலையைக் கொடுத்தது கண்ணை உறுத்தியது; எதிலிருந்து வெளியேறுவது என்று பெயர் சொல்லும் லேபிளோடு வரும் பழைய பிரேக்கும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஜாவா 13-இல் அதை நீக்கிவிட்டு யீல்ட் என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஜாவாவோடு வரும் த்ரெட் வகுப்பில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு மெத்தட் இருந்ததால், அதை வேறெதற்கும் பெயராக வைக்க முடியாத முழு ஒதுக்குச்சொல்லாக்காமல், இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் சொல்லாக வைத்தார்கள். 2020 மார்ச்சில், ஜாவா 14-இல், அது நிலையானது. பழைய முறையில் முதல் வடிவமே கல்வெட்டாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எழுத்துச் சரத்துக்குள் மாறிகளின் மதிப்பை நேராகப் பொருத்தும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட்டின் கதை இதைவிடத் துணிச்சலானது. 21-இலும் 22-இலும் முன்னோட்டமாக வந்த அந்த வசதியை, வடிவமைப்பு சரியில்லை என்று ஜாவாவை வடிவமைப்பவர்களே உணர்ந்து, 23-இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அடுத்த வண்டி, அதாவது அடுத்த பதிப்பு, ஆறு மாதத்தில் உண்டு என்று தெரிந்தவருக்குத்தான் இப்படி ஒன்றை இறக்கிவிட மனம் வரும். நான்கு வருடம் காத்திருக்க வேண்டுமென்றால் எதையாவது ஒட்டவைத்து அனுப்பிவிடத்தான் தோன்றும். நீண்ட காத்திருப்புக்கு இன்னொரு உதாரணம் உண்டு: 2000-இல் அறிவிக்கப்பட்ட பெர்ல் 6 என்ற நிரல்மொழி, முதல் நிலையான வடிவத்தை எட்டியது 2015 டிசம்பரில். அழகான மொழி, ஆனால் அதற்குள் பலர் வேறு மொழிகளுக்குப் போய்விட்டார்கள்.

இருந்தாலும் இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான அலுவலகங்கள் 8, 11, 17, 21 என்று நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளில் மட்டுமே கால் வைக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில் 8-இலிருந்து நேராக 11-க்குத் தாவினோம். எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கையாள நாங்கள் நம்பியிருந்த ஜாக்ஸ்பி என்ற தொகுப்பு, 11-இன் மூட்டையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. நிரலைத் தொகுக்கும் பில்ட் ஓடிய முதல் நிமிடத்திலேயே, வகுப்பைக் காணோம் என்ற பிழைகள் திரையை நிறைத்தன. நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கை 9-இலேயே இருந்தது. நாங்கள் 9-ஐத் தொட்டிருந்தால்தானே அதைப் பார்த்திருப்போம்!

இப்போது ப்ரொடக்‌ஷன் 21-இல்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பை இறக்கி, எங்கள் டெஸ்டுகளை மட்டும் அதில் ஒருமுறை ஓட்டி, வரும் எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அரை நாள் வேலைதான்.