பேலட் கோணலாகப் போகிறதா? கைடு ரெயிலில் கை வைக்கும் முன்

கன்வேயரில் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) கோணலாகப் போகிறது என்று புகார் வந்தால், பல ஆலைகளில் உடனே நடப்பது, பேலட் விலகாமல் பக்கத்தில் தடுக்கும் கைடு ரெயிலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்குவதுதான். அன்றைக்கு லைன் ஓடிவிடும். நாளடைவில் கைடு தேயும், பேலட்டின் ஓரக்கட்டை பிளக்கும், பிளந்த சிம்பு ரோலர் இடுக்கில் விழுந்து செயினில் சிக்கும். கோணல் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் அது கைடில் பிறக்கவில்லை. பேலட்டிலோ, ரோலர் சட்டத்திலோ, செயினிலோ, பேலட் நிற்கும் இடத்திலோ பிறந்து, கைடுக்கு வந்து சேர்கிறது. கைடைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

கீழே சொல்லும் அளவுகள் 1200 × 1000 மி.மீ. மரப் பேலட், செயினால் ஓடும் ரோலர் கன்வேயர், நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு எழுதியவை. வேறு அளவு பேலட் என்றால் கணக்கு மாறும், முறை மாறாது.

ஒதுங்குகிறதா, திரும்புகிறதா?

"கோணல்" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பேலட் நேராக இருந்தபடியே ஒரு பக்கமாக ஒதுங்குவது ஒரு நோய். இருந்த இடத்திலேயே திரும்பிக்கொள்வது இன்னொரு நோய். இரண்டுக்கும் காரணம் வேறு.

பிரித்துப் பார்க்க நல்ல பேலட் ஒன்று போதும். அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். சரியான பேலட்டில் இரண்டும் 1562 மி.மீ. இருக்கும். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பேலட்டே கோணல், அதை வைத்துச் சோதிக்காதீர்கள். அடிப்பலகை முழுசாக இருக்க வேண்டும், ஆணித்தலை வெளியே துருத்தக் கூடாது. மேலே மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட்டு, பாரம் இல்லாமல் லைனில் விடுங்கள். 3 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரே பக்கத்துச் சட்டத்திலிருந்து பேலட்டின் முன்மூலை எவ்வளவு தூரம், பின்மூலை எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்த இடத்திலேயே சட்டத்தின் மேல் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போங்கள்.

முன்மூலை, பின்மூலை இரண்டும் ஒரே அளவு கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் பேலட் ஒதுங்குகிறது. ரோலர் சட்டத்தைப் பாருங்கள். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் திரும்புகிறது. செயின், டிரான்ஸ்ஃபர் (திருப்பத்தில் பேலட்டைக் குறுக்கே மாற்றும் அமைப்பு), ஸ்டாப்பர் (பேலட்டைத் தடுத்து நிறுத்தும் தூண்கள்) இவற்றில் ஒன்று காரணம். எந்த 3 மீட்டருக்குள் எண் மாறுகிறதோ, வேலை அங்கேதான். பிறகு அதே பேலட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை விடுங்கள். திரும்பும் திசையும் மாறினால் பேலட்டின் அடிப்பலகையில் குறை, மாறாவிட்டால் கன்வேயரில் குறை. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பதால்தான் பல இடங்களில் நன்றாக இருந்த பகுதியும் கெட்டுப் போகிறது.

ரோலர் சட்டம்

ரோலரின் மேல் இருக்கும் பாரம் ரோலரின் அச்சுக்குச் செங்குத்தாகத்தான் போகும். சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் சட்டம் லேசாக நெளிந்திருந்தால், அதில் மாட்டியிருக்கும் அத்தனை ரோலரும் சேர்ந்து பேலட்டை ஒரே பக்கமாகத் தள்ளும்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடலாம். 3 மீட்டர் நீளம், 1100 மி.மீ. அகலமுள்ள ஒரு செக்ஷனில் மூலைவிட்டங்கள் 3195 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிடச் சுமார் 2 மி.மீ. முன்னே போயிருக்கிறது. இதனால் பேலட் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2 மி.மீ. ஒதுங்கும். லைன் முழுவதும் அதே நெளிவு இருந்தால் 20 மீட்டரில் 40 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத 4 மி.மீ. கடைசியில் கைடை உரசும் பேலட்டாக வந்து நிற்கிறது.

எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதையும் டேப்பே சொல்லிவிடும். நீளமான மூலைவிட்டம் போகும் திசையில் எந்தப் பக்கத்தில் முடிகிறதோ, அந்தப் பக்கச் சட்டம் முன்னே போயிருக்கிறது. பேலட் அதற்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கும். நீங்கள் எழுதிய சாக்பீஸ் எண்களும் இதுவும் ஒத்துப்போனால் காரணம் உறுதி.

சரிசெய்ய முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் உங்கள் பூட்டைப் போடுங்கள். மோட்டார் பக்கச் செயினைக் கழற்றி, ஒரு பக்கக் கால்களைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டையும் குறுக்குச் சட்டங்களின் போல்ட்டையும் தளர்த்துங்கள். நீளமான மூலைவிட்டத்தின் வழியே ராட்செட் பெல்ட்டைப் போட்டு மெல்ல இழுங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்ததும் முதலில் குறுக்குச் சட்டம், பிறகு ஆங்கர் என்ற வரிசையில் இறுக்குங்கள். ஆங்கரை முதலில் இறுக்கினால் குறுக்குச் சட்டத்தை இறுக்கும்போது சட்டம் மறுபடி நெளியும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்தே தீர வேண்டும்.

சட்டம் சரியாக இருந்தும் ஒதுங்கினால் தனி ரோலர்களைப் பாருங்கள். ஒரு நல்ல ரோலரை ஆதாரமாக வைத்து, அதிலிருந்து மற்ற ரோலர்களின் தூரத்தை இரண்டு முனைகளிலும் அளந்தால் விலகியது எது என்று தெரியும். மாற்றிய ரோலர்களில் இது அதிகம். அச்சு, துளையில் ஒரு பக்கம் முழுதாக உட்காராமல் போல்ட் இறுக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது மட்டம். நேரான அலுமினியப் பட்டி ஒன்றை மூன்று ரோலர்களின் மேல் நீளவாக்கில் வையுங்கள். நடு ரோலரின் மேல் வெளிச்சம் தெரிந்தால் அது தாழ்ந்திருக்கிறது, பெரிய கெடுதல் இல்லை. பட்டி நடு ரோலரின் மேல் ஊஞ்சலாடினால்தான் கவலைப்பட வேண்டும். உயர்ந்த ரோலர் ஒன்று மொத்தப் பாரத்தையும் தாங்கும். பாரம் ஒரு பக்கமாக ஏற்றப்பட்டிருந்தால் பேலட் அதன் மேலேயே சுழலும். வெறும் பேலட் நேராகப் போய், பாரம் ஏற்றியது மட்டும் திரும்பினால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், மீட்டருக்கு 1 மி.மீ.க்கு மேல் சாய்வு வேண்டாம். லைன் நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் ரோலர் கொஞ்சம் வழுக்கும். அந்த நேரத்தில் பேலட் தாழ்ந்த பக்கம் நகரும். காலுக்கு அடியில் இரும்பு ஷிம் (மெல்லிய தகடு) மட்டும் வையுங்கள். மரத்துண்டும் அட்டையும் சில நாளில் நசுங்கிவிடும்.

செயின் கன்வேயரில் திரும்புவது

இரண்டு செயின்களின் மேல் பேலட் உட்கார்ந்து போகும் பகுதிகளில், இரண்டும் ஒரே ஷாஃப்ட்டில் ஓடுவதால் வேகம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அது அப்படி இல்லை. செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு இத்தனை லிங்க் என்றுதான் இழுக்கிறது. லிங்கின் நீளம் தேய்மானத்தால் கூடியிருந்தால், அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். 16பி என்ற அளவுச் செயினில் ஒரு பிட்ச், அதாவது ஒரு லிங்கின் நீளம், 25.4 மி.மீ. புதிய செயினில் 40 பிட்ச் அளந்தால் 1016 மி.மீ. வரும். தேய்ந்த பக்கத்தில் அது 1021 காட்டுகிறது என்றால் அரை சதவீதம் கூடியிருக்கிறது. 6 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் 30 மி.மீ. முந்திவிடும். செயின்களுக்கு நடுவே 800 மி.மீ. இடைவெளி என்றால் பேலட் 2 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும்.

செயினின் தொய்வை எடுக்கும் டென்ஷனரை இறுக்குவதால் இது சரியாகாது. ஒரு லிங்கை வெட்டி எடுத்தால் தொய்வு போகுமே தவிர, மிச்சமுள்ள ஒவ்வொரு லிங்கும் நீண்டது நீண்டதுதான். அறுந்த பக்கத்துக்கு மட்டும் புதிய செயின் போட்டு, பழையதை மறுபக்கம் விட்டுவைப்பதுதான் இந்தக் கோளாறுக்கு வழக்கமான தொடக்கம். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரே தயாரிப்பாளரின் ஒரே லாட்டில் வாங்குங்கள். கூடவே ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சாவி (கீ) ஆடுகிறதா என்றும் கையால் அசைத்துப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபரும் ஸ்டாப்பரும்

90 டிகிரி திருப்பத்தில், ரோலர்களுக்கு நடுவிலிருந்து செயின் மேலே எழும்பி பேலட்டைக் குறுக்கே எடுத்துப் போகிறது. பேலட் முழுதாக நிற்பதற்கு முன் அது எழும்பினால் முன்பக்கம் வழுக்கும். சென்சார் அடித்ததும் லிஃப்ட் எழும்ப வேண்டும் என்று புரோகிராமில் எழுதியிருந்தால், நடுவில் அரை நொடி தாமதம் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஏர் சிலிண்டரால் தூக்கும் அமைப்பில் இரண்டும் சேர்ந்து எழும்புகின்றனவா என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ஒன்று பிந்தினால், முதலில் தொட்ட செயின் பேலட்டை இழுத்துத் திருப்பிவிடும். காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ கண்ட்ரோல் திருகை வைத்துச் சமப்படுத்தலாம். லிஃப்டுக்கு அடியில் கை விடும் முன் காற்றை வெளியேற்றி, தாங்குகட்டை வைத்தாக வேண்டும். மின்சாரத்தை அணைத்தால் மட்டும் போதாது, அப்போதும் லிஃப்ட் இறங்கலாம்.

ஸ்டாப்பரின் இரண்டு தூண்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். 600 மி.மீ. இடைவெளியில் ஒன்று 5 மி.மீ. வளைந்திருந்தால் பேலட்டின் பின்முனை 10 மி.மீ. பக்கவாட்டில் விலகும். ஃபோர்க்லிஃப்ட் இடித்த ஸ்டாப்பரில் இது சாதாரணம். இரண்டு தூண்களும் நேராக இருந்தால் அவற்றையே சாதகமாக்கலாம். பேலட் தொட்ட பிறகும் ரோலரை அரை நொடி ஓடவிட்டால், லேசான கோணலோடு வந்த பேலட் இரண்டு தூணிலும் பொருந்தி நேராகும். அதற்கு மேல் ஓடவிட்டால் அடிப்பலகை அரைபடும்.

கைடும் சென்டரிங்கும்

இவ்வளவுக்கும் பிறகுதான் கைடு. 1000 மி.மீ. அகலப் பேலட்டுக்கு 1050 மி.மீ. இடைவெளி விட்டால், அதற்குள் பேலட் ஏறக்குறைய 2.4 டிகிரி வரை திரும்பி நிற்க முடியும். பின்முனைக்கும் முன்முனைக்கும் 50 மி.மீ. வித்தியாசம். ரோபோ பெட்டி அடுக்கும் இடத்துக்கு இது போதவே போதாது. முதல் அடுக்குப் பெட்டிகளே ஓரத்தைத் தாண்டித் தொங்கும். இடைவெளியை 1010 ஆக்கினால் ஈரத்தில் உப்பிய பேலட் சிக்கிக்கொள்ளும். ஆகவே கைடின் வேலை பேலட் விழாமல் காப்பது மட்டுமே. துல்லியம் வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக நெருக்கும் சென்டரிங் அமைப்பு வேண்டும்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. 1000 கிலோ பாரத்தோடு மரப் பேலட்டை ரோலரின் மேல் குறுக்கே வழுக்க வைக்கச் சுமார் 300 கிலோ விசை தேவை. 6 பார் காற்றில் 63 மி.மீ. சிலிண்டர் 190 கிலோதான் தரும். 100 மி.மீ. சிலிண்டர் போட்டால் 480 கிலோ கிடைக்கும், ஆனால் அந்த விசை பேலட்டின் கட்டையையும் நெரிக்கும். வெறும் பேலட் 25 கிலோ என்று வைத்தால் 8 கிலோ விசையே போதும். பாரம் ஏறும் முன்பே நேராக்கிவிடுங்கள். சிறிய சிலிண்டர், சிறிய செலவு, உடையாத பேலட். பெட்டி அடுக்கி முடிக்கும் வரை நெருக்கியபடியே வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கக் கைகளையும் ராக்–பினியனால் (பல்சட்டமும் பல்சக்கரமும்) இணையுங்கள். தனித்தனி சிலிண்டர் வைத்தால் வேகமானது பேலட்டை மறுபக்கம் தள்ளிவிட்டு நிற்கும், நடுக்கோடு தினம் ஓர் இடத்தில் இருக்கும்.

கோணலைப் பிடிக்கும் சென்சார்

ஒரே குறுக்குக் கோட்டில், 800 மி.மீ. இடைவெளியில், கீழிருந்து மேலே பார்க்கும் இரண்டு சென்சார் வையுங்கள். இரண்டும் பேலட்டின் முன்விளிம்பைக் காணும் நேர வித்தியாசம்தான் கோணல். நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் 50 மில்லிசெகண்ட் வித்தியாசம் 10 மி.மீ. கோணலுக்குச் சமம். லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. சென்சாரை 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்க்கிறது (ஸ்கேன்) என்றால் 2 மி.மீ. பிழை இருக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். ஆனால் வேகம் நிலையாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். புறப்படும் இடத்தில் வைத்தால் கணக்கு தப்பும்.

பக்கவாட்டில் பார்க்கும் சென்சார் என்றால் உயரத்தில் கவனம் தேவை. யூரோ பேலட்டின் மொத்த உயரம் 144 மி.மீ., அதில் மேற்பலகை 22 மி.மீ. கட்டைகளின் உயரத்தில் குறி வைத்தால் ஃபோர்க் நுழையும் ஓட்டை வழியாக ஒளி போய், ஒரே பேலட்டை இரண்டு மூன்றாக எண்ணும். மேற்பலகையைக் குறி வையுங்கள். ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிய பேலட்டில் தொங்கும் வால் பேலட்டுக்கு முன்பாகவே சென்சாரை மறைத்து, இல்லாத கோணலைக் காட்டும். ஃபிலிமை வெட்டும் இடத்தில் வாலை உள்ளே செருகிவிடச் சொல்வதே இதற்குத் தீர்வு.

இந்தச் சென்சார் ஜோடியை ரோபோவுக்கு முன்னால் மட்டும் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே வைத்தால் கோணலான பேலட்டை நிறுத்தலாம், எங்கே கோணலானது என்று தெரியாது. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் அடுத்து ஒரு ஜோடி வைத்து, மில்லிசெகண்ட் எண்ணை ஷிஃப்ட் வாரியாகப் பதிவு செய்யுங்கள். அலாரத்தை 10 மி.மீ.க்கு வைத்தாலும், சராசரி 3-லிருந்து 6 மி.மீ.க்கு ஏறும் வாரத்திலேயே அந்தப் பகுதியின் செயினையும் சிலிண்டரையும் போய்ப் பார்த்துவிடலாம்.