களி கிண்டும் தண்ணீர்

பட்டம் வாங்கிய கையோடு, ஊரில் தங்கி களப்பணி செய்யும் ஒரு ஃபெல்லோஷிப்பில் சேர்ந்து பென்னாகரம் பக்கம் போனேன். சமூகப்பணிக்கு வர நினைக்கும் பட்டதாரிகளுக்கு இப்போது வழிகள் இருக்கின்றன. எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா 2011 முதல் 13 மாதம் கிராமத்தில் தங்க வைக்கிறது. காந்தி ஃபெல்லோஷிப், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டும் 2 ஆண்டு. நான் சேர்ந்தது சின்னது, ஓராண்டுதான்.

எனக்கு வந்த வேலை ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் அது அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகிப்போகும். 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

"குடிநீர் எங்கிருந்து?" என்று படிவத்தில் ஒரு கேள்வி. வீட்டுக்கு வீடு ஒரே பதில், ஒகேனக்கல் தண்ணி. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் மழைக்கு ஓர் ஆயா வீட்டில் ஒதுங்கினேன். அடுப்பில் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார். மூலையிலிருந்த பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு ஊற்றினார். எவர்சில்வர் குடத்தைத் தொடவே இல்லை. ஏன் ஆயா என்று கேட்டேன்.

"அது குடிக்கற தண்ணி கண்ணு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. சோறு, களிக்கெல்லாம் போர் தண்ணிதான். அதான் கொதிக்குதில்ல, எல்லாம் செத்துப்போயிடும்."

கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே நிற்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். பையிலிருந்த சோதனைப் பெட்டியை எடுத்து, குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி மருந்தைச் சொட்டினேன். இளஞ்சிவப்பாக நிற்க வேண்டியது மஞ்சளுக்குத் திரும்பியது, ஃபுளோரைடு அதிகம். ஆயா வண்ண அட்டையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையா இத்தன நாளா பேரனுக்குப் போட்டேன்?" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

'சமையலுக்கு எந்தத் தண்ணீர்?' என்று படிவத்தில் சேர்த்துக்கொண்டு, போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனோம். கழுவ போர் தண்ணி, உலைக்கு ஆத்துத் தண்ணி என்று குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னதும் எல்லோருக்கும் புரிந்தது. நான் அரை மணி நேரம் விளக்கியும் புரியாத விஷயம் அது.

ஓராண்டு போதாது என்று அழுத்தமாகவே சொல்வேன். அடுப்படி வரை பழகுவதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடுகிறது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளையே நிறைய எடுத்தால் அவர்கள் அதற்கப்புறமும் இங்கேயே இருப்பார்கள்.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். முதல் மாதம் படிவமே கிடையாது, யார் வீட்டிலாவது சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்புவேன். திரும்பி வந்ததும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். அப்புறம், எந்தக் குடத்துத் தண்ணி என்று.