ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் குட்டியைப் பதிவு செய்வது: எங்கே சறுக்கும்?

ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் என்பது அயர்லாந்தின் விளையாட்டுக் குதிரை. உடம்பைப் பார்த்து ஒரு குதிரையை அப்படிச் சொல்லிவிட முடியாது. தாய், தகப்பன் இரண்டின் பதிவும் சரியாக இருந்தால்தான் குட்டிக்கு அந்தப் பெயர். பதிவேட்டை வைத்திருப்பது ஹார்ஸ் ஸ்போர்ட் அயர்லாந்து என்ற அமைப்பு.

பழைய கலப்பு எளிமையானது. பண்ணையில் ஏர் இழுத்த ஐரிஷ் டிராஃப்ட் பெட்டைக்குத் தரோபிரெட் என்ற பந்தய இனப் பொலிகுதிரை. பிறப்பது அரை ரத்தம். அது பெட்டையாக இருந்து மறுபடி தரோபிரெட்டோடு சேர்த்தால் முக்கால் ரத்தம். பிறகு ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு வார்ம்பிளட் (ஐரோப்பிய விளையாட்டுக் குதிரை வகை) பொலிகுதிரைகள் உள்ளே வந்தன. ஆகவே இன்று அந்தப் பெயரில் விற்கும் குதிரையில் டிராஃப்ட் ரத்தம் ஒரு சொட்டும் இல்லாமல் போகலாம். பழைய வம்சம்தான் வேண்டுமென்றால் 'டிரெடிஷனல் ஐரிஷ் ஹார்ஸ்' குறி இருக்கிறதா பாருங்கள். வாய்ப்பேச்சை நம்பி விலை பேசாதீர்கள்.

குட்டி பிறக்கும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தாயின் பாஸ்போர்ட் (குதிரையின் அடையாள ஏடு) உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், அதன் டி.என்.ஏ. பதிவில் இருக்க வேண்டும். பெட்டையை வாங்கியவர் பெயர் மாற்றாமல் விட்டு, குட்டி விழுந்த பிறகு பழைய உரிமையாளரைத் தேடி அலைவது அடிக்கடி நடக்கும். பொலிகுதிரைக்காரர் தரும் சேர்க்கைச் சான்றில் தேதிகளைச் சரிபாருங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். முதல் சேர்க்கை நிற்காமல், மூன்று வாரம் கழித்து வேறு பொலிகுதிரைக்கு விட்டிருந்தால் இரண்டு சான்றும் கையில் இருக்கட்டும். தகப்பன் யாரென்பதை டி.என்.ஏ. சொல்லிவிடும்.

கால்நடை மருத்துவர் வரும் நாள்தான் முக்கியம். முதலில் ஸ்கேனர் வைத்து, பழைய சிப் (உடலுக்குள் போடும் அடையாள எண் சில்லு) எதுவும் இல்லை என்று உறுதி செய்வார். பிறகு கழுத்தின் இடப்பக்கம், உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே, பிடரி ஓரத் தசைநாரில் சிப் போடுவார். அடுத்து அடையாளப் படம்: வெள்ளைக் குறிகளுக்குச் சிவப்பு மை, சுழிகளுக்குக் கருப்பில் பெருக்கல் குறி. நம்மூரில் சுழி பார்ப்பது ராசிக்கு. அங்கே அது கைரேகை மாதிரி. குட்டியின் பஞ்சு முடியில் வெள்ளையின் எல்லை தெரியாது. காலைத் தண்ணீரில் நனைத்தால் அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அதுதான் உண்மையான எல்லை.

டி.என்.ஏ.வுக்குப் பிடரி மயிரைப் பிடுங்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது. வேர்க்குமிழ் இல்லாத மயிர் பயன்படாது. தாயின் மயிர் ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது.

நிறத்திலும் தவறு வரும். சாம்பலாகப் போகிற குட்டி பிறக்கும்போது செவலையாகவோ கருப்பாகவோ இருக்கும். பெற்றோரில் ஒன்றாவது சாம்பல் என்றால் கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் முளைக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

12 மாதத்துக்குள் அடையாளப் பதிவு முடியாவிட்டால், அந்தக் குதிரை ஆயுள் முழுக்க உணவுச் சங்கிலிக்கு வெளியே (இறைச்சிக்கு அனுப்ப முடியாது) என்று பாஸ்போர்ட்டில் குறித்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் ஸ்கேனரை எடுத்துச் சிப் எண்ணை ஒப்பிடுங்கள். சிப்புக்கும் 15 இலக்கம், பதிவில் குதிரைக்குத் தரும், 372 என்று தொடங்கும் ஆயுள் எண்ணுக்கும் 15 இலக்கம். விண்ணப்பங்களில் இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சிப் பழுதானால் புதிது போடலாம், ஆயுள் எண் மாறாது.