அண்ணான்ர சீனி

பெப்ரவரி 4, விசுவமடு
அண்ணாவுக்கு இண்டைக்கும் விடியப்புறம். சேட்டு வேர்வையில தொப்பமாய் நனைஞ்சு, அண்ணியைப் பாத்து ஆரெண்டு கேக்கிறார். வலிப்புக் குளிசை ஒழுங்காய்த்தான் போகுது. தலையில சண்டைக்காலத்துச் செல் குண்டுப் பீஸ் இருக்கிற ஆளுக்கு வலிப்பெண்டால் எங்கட பக்கத்தில ஆரும் மேல விசாரிக்கிறேல்ல, டொக்டர்மாரும்தான். அம்மாவின்ர சீனி பாக்கிற மெசினால விரலில குத்தினன். 38! பிளேன்ரீக்குச் சீனியை அள்ளிப்போட்டுப் பருக்க, கொஞ்சத்தால "வெட்டு மெசின் வந்திட்டுதோ?" எண்டார்.

பெப்ரவரி 9
கிளினிக்கில புது டொக்டர், இளம் பெடியன். நான் கொப்பியில எழுதினதுகளை முழுக்க வாசிச்சார். குணங்குறி, அந்த நேரமே சீனிக் குறைவு, சீனி குடுக்கத் தெளிவு. மூண்டும் ஒண்டாய் வந்தால் விப்பிள் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த கணக்காம். இன்சுலினோமாவோ எண்டு சந்தேகம்: சதையியில (கணையத்தில) இருந்துகொண்டு நிப்பாட்டாமல் இன்சுலின் சுரக்கிற கட்டி. பத்து லட்சம் பேரில வருசத்துக்கு ஒண்டிரண்டு, கூடினால் நாலு.

அண்ணி ஸ்கானுக்கு அந்தரப்பட்டா. "முதல்ல இரத்தம் சொல்லட்டும் அக்கா. சின்னக் கட்டி ஸ்கானுக்குத் தப்பியிடும்" எண்டார் டொக்டர்.

பெப்ரவரி 22, யாழ்ப்பாணம்
வாட்டில பட்டினிச் சோதனை, 72 மணித்தியாலம் வரைக்கும் போகலாமாம். வெள்ளி விரதத்துக்கே பத்து மணிக்கு வடை தேடுற மனுசன். ரெண்டாம் நாள் விடிய 41. நூறிலயிருந்து ஏழேழாய்க் கழிக்கச் சொல்ல, தாதியிட்டை நெல் விலை கேட்டார். இரத்தம் எடுத்த பிறகுதான் குளுக்கோஸ் ஏத்துவினமாம். பாக்கேலாமல் வெளியால போயிட்டன்.

மார்ச் 7
சீனி 55க்குக் கீழ போனால் இன்சுலின் 3க்குள்ள அடங்கோணும். அண்ணாவுக்கு 19. உடம்பு தானாய் இன்சுலின் சுரக்கேக்க அதோட சேர்ந்து வாற சி-பெப்டைட்டும் உயர்ந்துதான் இருக்கு. ஊசியால ஏத்தின இன்சுலினெண்டால் அது உயராது. ஆனால் அம்மாவின்ர சீனிக் குளிசையை மாறிப் போட்டிருந்தாலும் இதே முடிவுதான் வருமாம். அதுக்கும் இரத்தத்தில தேடி, இல்லையெண்டு வந்தது. பரம்பரையாய் வாற வகையும் இருக்காம், அதோட கிட்னிக் கல்லும் வாறதாம்; அதால குடும்பத்தில கல்லு ஆருக்கும் இருக்கோ எண்டு டொக்டர் கேட்டார். வன்னித் தண்ணி குடிக்கிற சனத்திட்டைக் கேக்கிற கேள்வியே இது!

மார்ச் 19
சீ.ரீ. ஸ்கானில ஒண்டும் தெரியேல்ல. அண்ணி அழுதிட்டா. டொக்டர் அசையேல்ல. வாயால குழாய் விட்டு, இரைப்பைக்குள்ள இருந்து பாக்கிற அல்ட்ராசவுண்டுக்குக் கொழும்புக்கு அனுப்பினார். சதையி வாலில 13 மில்லிமீற்றர். பத்தில ஒன்பது பரவாத சாதிதானாம்.

ஒப்பரேசனுக்குப் பேர் குடுத்தாச்சு. அதுவரைக்கும் படுக்கமுன்னம் சாப்பாடு, தலைமாட்டில குளுக்கோஸ். வலிப்புக் குளிசையை என்ன செய்யிறதெண்டு நரம்பு டொக்டரிட்டைக் கேக்கோணும்; பீஸ் இன்னும் தலைக்குள்ளதானே கிடக்குது.