தூணை எடுக்கும் முன் கணிப்பை எழுதுங்கள்

தொடக்க வகுப்பில் மெய்நிகர் ஆய்வு, அதாவது கணினித் திரையில் செய்து பார்க்கும் சோதனை, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. பிள்ளைகள் யோசிப்பதற்குள் திரை விடையைக் காட்டிவிடுகிறது.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சமநிலைப் பலகை சிமுலேஷனை எடுத்துக்கொள்வோம். முந்தின நாளே தரவிறக்கி வைத்தால் வகுப்பில் இணையம் தேவையில்லை. அதில் பலகையின் இரு பக்கமும் தூண்கள் தாங்கி நிற்கும். அவற்றை எடுக்கும்வரை பலகை அசையாது. ஆசிரியருக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை.

முதல் 5 நிமிடம் இஷ்டப்படி விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் பாடம் முழுக்க விளையாட்டிலேயே கண் இருக்கும். பிறகு தூண்களை நிறுத்தி, இடப்பக்கம் நடுவிலிருந்து 1 மீட்டரில் 10 கிலோ செங்கல்லை வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் 20 கிலோவை எங்கே வைத்தால் பலகை சமமாக நிற்கும்? இடத்தையும் காரணத்தையும் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி முடித்த பிறகே தூணை எடுக்க வேண்டும். சிலர் 1 மீட்டர் என்றே எழுதுவார்கள். பலகை வலப்பக்கம் சாய்ந்ததும், கனமானதை உள்ளே தள்ள வேண்டும் என்று தாங்களாகவே சொல்ல ஆரம்பிப்பார்கள். விடை 0.5 மீட்டர். சூத்திரத்தை இப்போதே சொல்லிவிடாதீர்கள். 20 கிலோவுக்குப் பதில் 5 கிலோ என்றால்? 2 மீட்டர். எடை, தூரம் என்று இரண்டு பத்தியில் மூன்று வரி சேர்ந்தால் எடையையும் தூரத்தையும் பெருக்கினால் ஒரே விடை வருவது அவர்கள் கண்ணிலேயே படும்.

எடையையும் தூரத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் எதனால் சாய்ந்தது என்று சொல்லவே முடியாது. மூவருக்கு ஒரு கணினி என்றால், ஒவ்வொரு சோதனைக்கும் மவுஸ் கை மாறட்டும். மற்ற இருவரில் ஒருவர் அட்டவணையை நிரப்பட்டும்.

மின்சுற்று சிமுலேஷனில் தூண் கிடையாது. அங்கே திறந்த சுவிட்சோடு சுற்றை அமைக்கச் சொல்லுங்கள். கணிப்பை எழுதியதும் மூடலாம்.

கடைசி 10 நிமிடம் உண்மையான பொருளுக்கு. 30 செ.மீ. ஸ்கேல், பென்சில், ஒரே மாதிரியான மூன்று நாணயங்கள் போதும். பென்சில் உருளாதபடி மேசையில் டேப் போட்டு ஒட்டி, முதலில் வெறும் ஸ்கேலைச் சமப்படுத்துங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கம் 5 செ.மீ.யில் இரண்டு நாணயம், மறுபக்கம் 10 செ.மீ.யில் ஒன்று. திரையில் செங்கல் தானாகவே கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே நாணயத்தின் மையம் 2 மி.மீ. விலகினாலும் ஸ்கேல் சாயலாம். கணக்கு தப்பு என்று பிள்ளைகள் அழிக்கப் போனால் தடுத்து, நாணயத்தின் மையம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.